மூன்று சுற்று

பலாலிக்கு ஆறு மைல் இருக்கையில்
நெம்பைப் பதினைந்துக்கு இறக்கினேன்.
இடப்பக்க மடல் விரிந்தது.
வலப்பக்கம் அசையவில்லை.
ஒரு பக்கம் மட்டும் மூட்டை கட்டிய சைக்கிள் போல
விமானம் வலக்கைப் பக்கம் சரிந்தது.
கப்டன் ஹேவகே பிடித்து நிமிர்த்தினார்.
இங்கே வேண்டாம், என்றார்.
காற்று குறுக்கே. பாதை போதாது.

மேலெழுந்து தெற்கே திரும்பினோம்.
ஆனையிறவின் உப்புப் பாத்திகள்
வெள்ளை வெள்ளையாய்ப் பின்னால் போயின.
மடியில் அவசரப் புத்தகம்.
யாரோ எப்போதோ சிந்திய தேநீர்
அந்தப் பக்கத்தின் மூலையில் மட்டும்.
நெம்பை மறுபடி அசைக்காதே.
வேகத்தைக் கூட்டு.
தரை நீளமாய் வேண்டும்.
நான் வாசிக்க வாசிக்க
அவர் ஹரி, ஹரி என்றார்.
ஆங்கிலம் கடலுக்கு மேலேயே
கைநழுவிப் போயிருந்தது.

கதவருகே மெரில்டா.
எத்தனை நிமிடம், அக்கா?
பதினைந்து.
சனத்துக்கு என்ன சொல்ல?
உள்ளதைச் சொல்லு.
அவள் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு போனாள்.
முப்பத்தொரு பேர்.
கிளினிக் கோப்பை நெஞ்சோடு வைத்திருந்த ஒருவர்,
ஜன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டாராம்.

பிறகு இரணைமடு.
குளம் முழுக்க வெயில்.
முதற் சுற்று,
வேகம் குறைந்தால் எங்கே உதறுகிறது என்று பார்க்க.
இரண்டாவது,
தீயணைப்பு வண்டி வந்து சேர.
மூன்றாவது,
ஓடுபாதையில் படுத்திருந்த மாடுகளை
விமானப்படைப் பொடியன்கள் இருவர்
தொப்பியால் விரட்டி முடிக்க.

கீழே வயலுக்குள் ஒரு டிராக்டர் நின்றது.
ஒரு வீட்டிலிருந்து ஆள் வெளியே வந்தது.
இன்னொரு வீட்டில்
வெளியே நின்ற ஆள் உள்ளே ஓடியது.
அதை நான் கண்டேன்.
ஆயிரத்தைந்நூறு அடியிலிருந்து
ஓடுகிற மனுசர்
இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

ஹேவகே குளத்தைப் பார்த்தபடி சொன்னார்:
இந்த இடம் எனக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும், சேர்.
எப்படி என்று அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
காட்டியின் ஊசி நடுங்கியது.
இருவரும் அதைப் பார்த்தோம்.

இறங்கும்போது தரை
வழமையை விட வேகமாய் வந்தது.
வேப்பமரம், முட்கம்பி, ஒரு காவல்கூண்டு,
அதன் வாசலில் வாய் பிளந்த ஒருவன்.
பின்னால் மெரில்டா கத்தினாள்:
குனி! குனி! தலையைக் குனி!
எனக்கு ஏழு வயதில்
அம்மா சொன்ன அதே சொல்.
முதுகு தானாக வளையப் பார்த்தது.
வளையவிடவில்லை.
என் வேலை வேகத்தை வாசிப்பது.
நூற்று முப்பத்தெட்டு.
நூற்று முப்பத்தாறு.
நூற்று முப்பத்தைந்து.

தொட்டது. துள்ளியது. மறுபடி தொட்டது.
ரப்பர் எரிந்த மணம் உள்ளே வந்தது.
பாதை முடிய நாலு பனை நீளம் இருக்கையில்
நின்றோம்.
யாரோ கைதட்டினார்கள்.
யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்தினார்கள்.

ஹேவகே இறங்கி
வலச்சிறகின் கீழே போய் நின்றார்.
மூடியபடியே இருந்த மடலை
விரல் மடித்து இரண்டு தரம் தட்டினார்,
வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பது போல.

ஃபோனை இயக்கினேன்.
விசுவமடுவிலிருந்து தம்பி:
பிளேன் ஒண்டு வீட்டுக்கு மேல சுத்தினது.
அம்மா கட்டிலுக்குக் கீழ.
கூப்பிட்டா வாறா இல்லை.

அது நான்தான், அம்மாட்டச் சொல்லு,
என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
மாடுகள் ஒவ்வொன்றாய்ப் பாதைக்குத் திரும்பின.
பிறகு பதில் வந்தது:

வந்திட்டா.
ஏன் மூண்டு தரம் எண்டு கேக்கிறா.