பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

ஒரே வரப்பில்தான் புல் அறுத்தார்கள் இரண்டுபேரும்,
களக்காட்டுக்கு மேற்கே, வாழைக்குப் பின்னால்,
கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்.
அவர் அறுத்தார். பிள்ளை கட்டுக்குக் கயிறு பிடித்தாள்.
பசுவுக்கு அன்று நல்ல தீனி.

பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல்,
மறுநாள் இவருக்கு.
ஊசி, மாத்திரை, திருநீறு எல்லாம் ஆச்சு.
அவள் கண் மேலே சொருகின ராத்திரி
வேன் பிடித்து ஹைகிரவுண்டுக்குப் போனோம்.
நாங்குநேரி தாண்டும்போது இவர் கேட்டார்,
"இது எந்த ஊரு?"
வாரச் சந்தைக்கு ஆடு ஓட்டிப்போன ஊரை.

பிள்ளைகள் வார்டு மேலே, ஆம்பிளைகள் வார்டு கீழே.
நடுவில் நாற்பத்திரண்டு படி,
நான், ஒரு தூக்குவாளி.

மேலே ஒரு சின்ன டாக்டரம்மா
பிரம்மசக்தியின் சட்டையைக் கழற்றி
கக்கம், காதுமடலுக்குப் பின்னால், தொடையிடுக்கு என்று
கத்தரிக்காயில் புழு தேடுகிற மாதிரி தேடினாள்.
பாவாடை நாடா இறுகும் இடத்தில் இருந்தது,
பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.
"உண்ணிக் காய்ச்சல். மூளையையும் தொட்டிருக்கு."
ஆட்டுக் காதில் தொங்குமே, அதுவா என்றேன்.
"அது பெரிசும்மா. இது கண்ணுக்கே தெரியாது."

கீழே இவர்
வேட்டியை இளக்கச் சொன்னதற்கு
"அங்கெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றுவிட்டார்.
சுற்றிலும் எட்டுக் கட்டில், எட்டு வீட்டு ஆட்கள்.
டெங்கு என்றார்கள், டைபாய்டு என்றார்கள்.
ஒரு நாள் போனது. இன்னொரு நாளும்.
எட்டு வயசு உடம்பை யார் வேண்டுமானாலும் புரட்டலாம்;
நாற்பது வயசு உடம்பு பூட்டிய வீடு.

படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது:
ஒரே வரப்பு.
அன்று ராத்திரி போர்வைக்குள் தலையை விட்டு
செல்போன் வெளிச்சத்தில் நானே தேடினேன்.
பன்னிரண்டு வருஷத்தில்
விளக்குப் போட்டு இவரைப் பார்த்தது அதுதான் முதல்.
இருந்தது. அதே கறுப்பு.
நர்ஸிடம் ஓடினேன், செருப்பில்லாமல்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், இரண்டுபேருக்கும்.
அவள் வார்டே எழும்பும்படி அழுதாள்.
இவர் சத்தமே போடவில்லை. என் மணிக்கட்டில் நாலு நகத்தடம்.

மூன்றாம் நாள் அவள் முறுக்கு கேட்டாள்.
ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில் பையனோடு சண்டை.
"பிள்ளைங்க சட்டுனு எந்திரிச்சிரும்மா,
பெரியவங்களுக்குத்தான் நாளாவும்."
அவள் சீட்டில் ஒரே ஒரு சொல்: நலம்.
"சிவனணைந்தான் அட்டெண்டர் யாரு?" என்று
இவருக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்
தை பிறக்கும்வரை.

இப்போது வீட்டில்
அரிவாளைக் காட்டி "அந்த... அது... வெட்டுறது" என்கிறார்.
டம்ளர் உதட்டுக்குப் போகுமுன் பாதி சட்டையில்.
ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள்,
இவர் முன்னால் உட்கார்ந்து உச்சுக் கொட்டுகிறார்கள்.
நடுவே ஓடிவந்து பிஸ்கட்டை எடுக்கிறவளைப் பார்த்து
"இவளுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சே, அது போதும்."

போன கார்த்திகைக்கு முன்னால்
ஏழாம் வாய்ப்பாட்டைக் கயிறு தாண்டிக்கொண்டே சொன்னவள்.
நேற்று ஏழெட்டில் நின்றாள்.
சுவரைப் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள், சிரித்தால் விட்டுவிடுவேன் என்று தெரிந்து.
டீச்சர் சொன்னாள், "விளையாட்டுப் புத்தி."
இருக்கலாம்.
ஒருவேளை முன்னாலும் நின்றிருப்பாள், நான் கவனித்ததில்லை.

இவர் தொலைத்ததை ஊரே வந்து தேடுகிறது.
அவள் எதையாவது தொலைத்தாளா
என்பதற்கே சாட்சி நான் ஒருத்தி.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
லிட்டருக்கும் பாக்கிக்கும் கீழே எழுதி வைக்கிறேன்:
திங்கள், தலைவலி என்றாள், விளையாடப் போனாள்.
புதன், குடையை விட்டுவிட்டு வந்தாள்.
வியாழன், ஏழெட்டு.
வெள்ளி, ஒன்றுமில்லை.
சனி, ஒன்றுமில்லை. ஒன்றரை லிட்டர்.