நின்றபடி இறங்குகிறவர்கள்

திபிலிசியில், சுரங்க ரயிலுக்கு இறங்கும்
நகரும் படிக்கட்டின் அடியில்
ஒரு கண்ணாடிக் கூண்டு.
உள்ளே குராண்டா.
வயது ஐம்பத்தொன்று, எடை தொண்ணூற்று நான்கு.
நாளெல்லாம் அவள் பார்ப்பது
ஒரு காலையும் அசைக்காமல்
இறங்கிக்கொண்டே இருக்கும் மனிதர்களை.
அவ்வளவு சுலபமா இறங்குவது
என்று எரிச்சல் வரும்.

பன்னிரண்டு கிலோ குறையுங்கள் என்றார்
முழங்கால் டாக்டர்.
எதைக் குறைப்பது என்று சொல்லவில்லை.
அதைச் சொன்னவள் நாத்தனார் ம்ஸேவினார்:
ரொட்டியை விடு, உருளைக்கிழங்கை விடு,
மாவு என்று எது வந்தாலும் கதவைச் சாத்து.

சாத்தலாம்.
ஆனால் வீட்டுக்கு நேர் கீழே ரொட்டிக்கடை.
மண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டி
கொக்கியால் பெயர்த்தெடுக்கும்
ஓடம் போன்ற ரொட்டி,
இரண்டு பக்கமும் கூர்முனை.
நான்கு மாடி ஏறி வரும் அதன் வாசனைக்கு
முழங்கால் வலியே கிடையாது.

அவர்கள் பாஷையில் ரொட்டிக்குப் பெயர் புரி.
சாப்பிடுவது என்பதற்கே
புரி தின்பது என்றுதான் சொல்வார்கள்.
புரி இல்லாத தட்டின் முன் உட்கார்ந்தவளுக்கு
சாப்பாடு தொடங்கிவிட்டதா இல்லையா
என்று புரியவில்லை.

முதல் வாரம் மூன்று கிலோ.
தெருவுக்கே சொன்னாள்.
போனது பெரும்பாலும் தண்ணீர், அக்கா,
என்றான் மருந்துக்கடை மிண்டியா.
தண்ணீருக்கும் எடை உண்டுதானே என்று
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.
அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்து அரை.
நாலாவது வாரம் முள் நின்றேவிட்டது,
பழுதான படிக்கட்டு மாதிரி.

ரொட்டியை விட்ட கை சும்மா இருக்குமா?
பாலாடைக்கட்டிக்குப் போயிற்று,
அக்ரூட் விழுதுக்குப் போயிற்று,
இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு கரண்டி.
அதெல்லாம் மாவு இல்லையே.

கணவன் தெங்கிஸ்
பேப்பர் வாங்கக் கீழே போய்
பேப்பர் இல்லாமல் திரும்பி வருவான்.
சட்டைக் காலரில் ஒரு ரொட்டித் துகள்.
வேறொருத்தியின் தலைமுடியைக் கண்டதுபோல்
எடுத்துப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள்
கடைசி ரயிலை அனுப்பிவிட்டு வந்தாள்.
பனியும் மழையும் கலந்து பெய்கிறது.
கடையில் விளக்கு எரிகிறது.
ஒன்று கொடு என்றாள்.
வாசலில் நின்றபடி ஒரு முனையைத் தின்றாள்,
மறுமுனையைத் தின்றாள்,
பிறகு இரண்டுக்கும் இடையில் இருந்ததை.
அழவெல்லாம் இல்லை.
உள்ளங்கை சுட்டது, அவ்வளவுதான்.

காலையில் முள் ஒரு கிலோ இருநூறு ஏறியிருந்தது.
தின்ற ரொட்டியே நானூறு கிராம்தான்.
கணக்கு உதைத்தது.
பல்லில் பிரஷ்ஷோடு யோசித்து
சட்டென்று சிரித்தாள்:
ஊருக்குப் போயிருந்த தண்ணீர்
திரும்பி வந்திருக்கிறது.

இப்போது தினம் ஒரு ரொட்டி வாங்குகிறாள்.
ஒரு முனை அவளுக்கு, சூடாக, மெதுவாக.
மறுமுனை தெங்கிஸுக்கு, எல்லோர் கண்ணெதிரிலும்.
பாலாடைக்கட்டி, தீப்பெட்டி அளவு.
நடுப்பாகம் ம்ஸேவினார் வீட்டுக்குப் போகிறது.
புறாக்களுக்கு என்கிறாள் அவள்.
அந்தப் புறாக்களை யாரும் பார்த்ததில்லை.

மே மாதம் எண்பத்தெட்டரை.
பன்னிரண்டு இன்னும் ஆகவில்லை.
முழங்கால் கொஞ்சம் தேவலை,
குளிர் விட்டதாலும் இருக்கலாம்.
வேலை முடிந்து மேலே போகும்போது
படிக்கட்டு அதுபாட்டுக்கு ஏறுகிறது;
கடைசி இருபது படியை மட்டும்
அவளும் கூடவே ஏறுகிறாள்,
வாயில் இல்லாத ஒன்றை மென்றபடி.