மாலைமாற்று

டிசம்பரில் இங்கே மதியம் மூன்றுக்கே இருட்டு.
லிஃப்டை அடுத்த ஷிஃப்ட் பையனிடம் விட்டுவிட்டு
பனி ஒட்டிய பூட்ஸோடு
ஓஸ்மோவின் கடைக்குள் வருகிறாள் ஹில்லா.
நாளெல்லாம் பிறரை மேலே அனுப்பிய கூலியில்
ஐந்து வாரமாக ஒதுக்கியது உள்பையில்.

பெண் பார்க்கும் சடங்கு போலத்தான்.
அலங்கரித்துச் சுவரோடு நிற்பவை பலகைகள்,
குறை சொல்ல வந்தவள் இவள்.
ஒன்றில் ஓநாய். ஒன்றில் தீ.
ஒன்றில் யாரோ குடித்துவிட்டு வரைந்த நிலா.
"படத்தைப் பார்க்காதே" என்கிறார் ஓஸ்மோ,
"அது உன் காலுக்கடியில்தான் கிடக்கப்போகிறது."

எடை? ஐம்பத்தொன்பது.
பூட்ஸ்? முப்பத்தெட்டு.
இதுவரை எதில் ஓட்டினாய்?
நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றதும்
அவர் புருவம் மட்டும் பதில் சொல்கிறது.
யார்க்கோ விட்டுப்போன பலகை அது.
விறைப்பு.
யோசித்துவிட்டுத்தான் திரும்பும்,
சில சமயம் யோசித்துவிட்டுத்
திரும்பாது.
அதில் போனவை ஒன்பது குளிர்காலம், ஒரு மணிக்கட்டு.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்போல்
ஆனால் ஒடிக்காமல்
ஒவ்வொன்றாக வளைத்துக் காட்டுகிறார்.
"இது வெண்ணெய். கம்பிமேல் சறுக்க அருமை.
ராத்திரி உறைந்த சரிவில்
காலை எட்டரைக்கு இதை இறக்கினால்
பல் கிட்டி ஆடும்.
அதோ அது, எட்டு மீட்டர் தாவி விழுந்தாலும் தாங்கும்.
நீ எட்டு மீட்டர் தாவுவாயா?"
"பெட்டிமேல் நேராகப் போனாலே போதும்."

அப்போதுதான் அந்த நிலாப் பலகையைத் தரையில் வைத்தார்.
நூற்று நாற்பத்தேழு.
இரு நுனியும் லேசாகத் தூக்கி,
நடுவயிறு மட்டும் தரை தொடாமல்.
அடியில் நாலைந்து தாள் செருகலாம்.
ஏறி நின்றாள், இடைவெளி மறைந்தது.
இறங்கினாள், வந்தது.
"நீ காசு கொடுப்பது இந்த இடைவெளிக்குத்தான்."

"எது முன்பக்கம்?"
"இல்லை."

சோப்பு விற்பவனுக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்.
வாலிலிருந்து படித்தாலும்
அவன் சோப்புதான் விற்பான்.
ஓஸ்மோ அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.
நான் அங்கே இல்லை. இருந்திருந்தால்
விகடகவி என்றிருப்பேன்.

கட்டுகளை முடுக்கத் திருப்புளியோடு வருகிறார்.
"எந்தக் கால் முன்னால்?"
"இடது."
சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து
முதுகில் ஒரு தள்ளு.
தடுமாறி முன்னே ஊன்றியது
வலது.
இன்னொரு முறை என்றாள். தெரிந்தே நின்றாள்.
இடதை வைக்கத்தான் நினைத்தாள்.
வலதுதான் போயிற்று.

யார்க்கோ இடதை முன்வைப்பவன்.
தனக்கு முடுக்கிய திருகுகளை
அவன் மாற்றவில்லை,
மாற்றலாம் என்று இவளுக்கும் தெரியவில்லை.

"ஒன்பது வருஷம் பின்பக்கமாகவா இறங்கினேன்?"
"பார்க்கில் பையன்கள் அதைக் கற்கத்தான்
மாதக்கணக்கில் விழுகிறார்கள்" என்றார்,
ஆறுதலாகவா கேலியாகவா தெரியவில்லை.
போன வருஷத்துப் படம் என்பதால் அறுபது யூரோ குறைத்தார்.
அப்படியும் இருபது குறைந்தது.
ஞாயிறு வந்து மெழுகு தேய்க்கிறேன் என்றாள்.

இரவு ஏழு.
குழந்தைகள் சரிவில், விளக்கடியில்,
பாதங்கள் வாத்தைப்போல் இருபுறம் விரிய
வலதை முன்னே விட்டு இறங்கினாள்.
பாதியில் விழுந்தாள்.
ஆறு வயதுப் பையன் ஒருவன் சுற்றிக்கொண்டு போனான்,
திரும்பிப் பார்த்துக்கொண்டே.
எழுந்து
மீதியை இடதால் முடித்தாள்.
பலகை எதுவும் கேட்கவில்லை.

கீழே, தன் இடத்தில் நின்ற பையனிடம்
கையை நீட்டினாள் அடுத்த கொக்கிக்கு.
"புதுசா?" என்றான்.
"கால் புதுசு."