யானைக் காந்தம்

பனி விலகாத பூர்க்டோர்ஃப் கொட்டகை.
அறுபத்தெட்டாம் வருடத்து வோல்வோ.
முதலில் பானட்டைத் தொட்டேன்.
சூடு.
நான் வருமுன்பே ஒருமுறை
எழுப்பிவிட்டார் ஏஷ்லிமான்.
குளிரில் இருமுமோ என்னவோ.

ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கி வந்த
மகளின் யானைக் காந்தத்தைக்
கதவோரமாக நகர்த்திப் போனேன்.
ஒட்டியது, ஒட்டியது,
பின்சக்கரத்துக்கு மேலே
பொத்தென்று விழுந்தது.
பட்டி பார்த்த இடம்.

குனிந்து யானையை எடுத்துத் தந்தவர்
"தொண்ணூற்றொன்றில் ஒரு பால்வண்டி" என்றார்.
"ஓட்டியது ரோஸ்மாரி."
பெயரைச் சொல்லும்போது
விரல் அந்த வளைவிலேயே இருந்தது.

கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன், துரு குறைவு.
சாசி எண் பத்திரத்தோடு பொருந்தியது.
இடித்ததற்கு ஆயிரம் ஃபிராங்க் குறைத்தார்.
"சூட்டுக்கு?" என்றேன்.
காது சிவந்தது மனிதருக்கு.

யானையை அச்சாரமாகப் பானட்டில் ஒட்டினேன்.
"நாளை விடியலில் வருகிறேன்.
அதுவரை சாவியைத் தொடாதீர்கள்."