நாற்பத்தொன்றரை

ஜூலையில் மருத்துவ வண்டி வந்த அன்று
நர்ஸம்மா எழுதினார், நான் வாசித்தேன்.
சிப்காட் காற்று அடித்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம்.
பழைய மிஷின். ஏறினால் முள்
கொஞ்சநேரம் தள்ளாடிவிட்டுத்தான் நிற்கும்.
இருபத்திரண்டு. பத்தொன்பது. இருபத்துநாலு.
ஏலம் கூறுவதுபோல என் குரல்
அதுவாகவே ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது.

பிறகு கனிஷ்கா ஏறினாள்.
நாலாம் வகுப்பு. சிங்காரத்தோப்பு.
அவள் அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்து
மஞ்சக்குப்பத்தில் விற்கிறவர்.
லீவு நாளெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை.
அங்கே முள் ஏற ஏற
நிற்பவர்கள் முகம் மலரும்.
ஒரு வஞ்சிரம் ஏழு கிலோவைத் தொட்டால்
அன்றைக்கு ராத்திரி பரோட்டா.
அதனால் முள் முப்பதைத் தாண்டியபோது
சிரித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
பார்த்தீங்களா டீச்சர் என்பதுபோல.

நாற்பத்தொன்றரை என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அடேயப்பா என்றேன்.

ஒரு சொல். கெட்ட சொல்கூட இல்லை.
தேரைப் பார்த்தும் சொல்வதுதான்.
முப்பத்தேழு பிள்ளைகள்
அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்,
சத்துணவு வரிசையில் முட்டை வாங்குவதுபோல,
ஆளுக்கு ஒன்று.

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும்
ஒரே கூடம்.
ஒன்றாம் வகுப்பு எழுத்து படிக்கும்.
யா, யானை என்று அதுகள் கத்தியதும்
நாலாம் வகுப்பில் தலைகள் திரும்பும்.
பார்த்தேன். பார்த்துவிட்டு
போர்டைப் பாருங்கடா என்றேன்.
யானையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் நாடகத்தில் அவளுக்குப் பாறை வேடம்.
சாக்கைப் போர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தாள்.
பாறைதான் நல்லா நடிச்சது என்றார் ஹெட்மாஸ்டர்.
எல்லோரும் சிரித்தோம்.
எல்லோரும் என்று எழுதுவது சுலபம்;
நான் சிரித்தேன்.
கயிறு இழுக்கும் போட்டியில் மட்டும்
இரண்டு அணியும் அவளுக்காகச் சண்டை போட்டன.

முட்டையைத் தொடுவதை நிறுத்தினாள்.
ஆயா அஞ்சலாட்சி கேட்டதற்கு வயிறு வலி என்றாளாம்.
அம்மாவை அழைத்துப் பேச வேண்டும் என்று
டைரியில் குறித்துவைத்தேன்.
டைரி பத்திரமாக இருக்கிறது.

அந்த ஜூலையிலேயே, பிள்ளைகள் முடிந்ததும்
டீச்சர் நீங்க ஏறுங்க என்றான் மோனீஷ்.
சேலை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு
மிஷின் தாங்காதுடா என்றேன்.
முந்திக்கொண்டு நானே சொல்லிவிட்டால்
அடுத்தவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.
பஸ்ஸில், கல்யாண வீட்டில், மாதாந்திரக் கூட்டத்தில்
இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் தப்பிக்கிறேன்.
அவளுக்கு இந்த வித்தை இன்னும் தெரியாது.
ஒன்பது வயது.

ஜனவரியில் வண்டி மறுபடி வந்தது.
தன் முறை வந்ததும் செருப்பைக் கழற்றினாள்,
அது எல்லோரும் செய்வது.
பிறகு வளையல் நான்கு. ஹேர்பின் இரண்டு.
பையிலிருந்து ஒரு ரூபாய், ஒரு சிப்பி,
பென்சில் துண்டு, பெயர் எழுதிய ரப்பர்.
ஒவ்வொன்றாக என் கையில் வைத்தாள்.
அரைஞாணில் இருந்த தாயத்தை நெருடிப் பார்த்தாள்,
முடிச்சு அவிழவில்லை.
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு
ஏறி நின்றாள்.

முள்ளுக்கும் வகுப்புக்கும் நடுவில் போய் நின்றேன்.
குனிந்து பார்த்து, நர்ஸம்மா காதில் சொன்னேன்.
எவ்ளோ டீச்சர், எவ்ளோ?
அடுத்தது மோனீஷ், வா.
ஆனாலும் பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்
அடேயப்பா என்று,
என் குரலில், என் இழுப்போடு, அச்சாக.

அவள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.
ரப்பர் மட்டும்
வியர்த்த என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்ததை
மத்தியானம்தான் கவனித்தேன்.
ஒரு பக்கம் தேய்ந்து, பெயரில் கனி மட்டும் மிச்சம்.
கொடுக்கப் போனேன்.

நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர் என்றாள்.
அடுத்த தடவையும்
எடுத்து வைக்கணும்ல.