கை நீட்டுதல்

வாள் என்றால் நம்பமாட்டார்கள்.
குடைக்கம்பியா என்று கேட்டார்
கல்மண்டபத்து ஷேர் ஆட்டோக்காரர்.
ஆமாம் என்றேன். நீளப் பைக்குத் தனி டிக்கெட் கேட்டார்.

அரைக் கிலோ கூட இல்லாத ஃபாயில்.
நுனியில் ஒரு சின்னப் பித்தான்.
அது நெஞ்சிலோ வயிற்றிலோ முதுகிலோ அழுந்தினால்
நிற விளக்கு. புள்ளி.
தோளுக்குக் கீழே கையில் பட்டால், தொடையில் பட்டால்
வெள்ளை விளக்கு.
ஆட்டம் நிற்கும், கணக்கு நகராது.
நீலம் பாரித்த தொடையோடு
எத்தனை முறை மறுபடி கோட்டில் போய் நின்றிருப்பேன்!

கையுறையைப் பெரியமேட்டில் தைத்தேன்.
ஒற்றைக் கைக்கு மட்டுமா, ஒற்றைக் கைக்கு மட்டுமா என்று
தோல்கடைக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டு
பாதி விலைதான் வாங்கினார்.
மற்றக் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

காசிமேட்டு உப்புக்காற்றில்
இரும்பு ஒரு வாரம் தாங்காது.
தையல் மெஷின் எண்ணெய் தடவி, பழைய நைட்டித் துணியில் சுற்றி
பீரோவுக்கு மேலே வைப்பேன்.
உலோக இழைச் சட்டையில் வேர்வை
பச்சைப் பச்சையாகப் பூத்துவிடும்.
போட்டிக்கு முன் நுனியை வைத்து
அங்குலம் அங்குலமாகப் பரிசோதிப்பார்கள்,
எந்த இடம் செத்துப்போயிருக்கிறது என்று.

வெளிநாட்டுப் போட்டிக்கு
முதுகில் குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள்.
எங்களிடம் இருந்தது ஓர் எழுத்து.
அதைப் பிரித்து எழுதினார்கள்: அந்தோணிராஜ்.
எனக்கு ஐந்து வயதில் ஐஸ் லாரி ஏறிப் போனவர்
என் முதுகில் ஏறி
பாங்காக் வரை வந்தார், அரையிறுதி வரைக்கும்.

இரண்டு பேர் விளக்கும் எரிந்தால்
யார் முதலில் கை நீட்டியது என்பதுதான் வழக்கு.
நடுவர் கண்ணுக்கு எது தெரிந்ததோ அது தீர்ப்பு.

அந்தப் பயணச் செலவுக்கு
ஒரு நகைக்கடை, ஒரு கட்டுமான கம்பெனி,
எம்.எல்.ஏ. ஆபீஸில் இரண்டு செவ்வாய்க்கிழமை
கை நீட்டினேன்.
வெள்ளை விளக்கு.
கடைசியில் அம்மாவின் இரண்டு வளையல்.

பதினான்குக்குப் பதினான்கு.
கொரியாக்காரி சற்றே தாழ்ந்தாள்.
நான் நீட்டினேன். நான்தான் முதலில்.
இரண்டு விளக்கும் எரிந்தது,
நடுவரின் கை அவள் பக்கம் போனது.
வீடியோ பார்க்கச் சொல்லும் வாய்ப்பை
ஒன்பதாவது புள்ளியிலேயே தொலைத்திருந்தேன்.
முகமூடியைக் கழற்றி, குலுக்கவேண்டிய கையைக் குலுக்கினேன்.
அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சேவியர் ஒரே ஒருதடவை கை நீட்டினான்,
குழம்பு ஆறிப்போனதற்கு.
அவன் கை இறங்குமுன்
என் மணிக்கட்டு தானாகத் திரும்பித் தட்டிவிட்டது.
தடுத்தவருக்கே அடுத்த உரிமை என்பது விதி.
நான் திருப்பிக் குத்தவில்லை.
அந்த உரிமையை இன்னும் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.
அவனுக்கும் தெரியும்.

முழங்கால் இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு
படி இறங்க மறுத்தது. வெண்கலம் வேலை வாங்கித் தந்தது.
கடற்கரை ஸ்டேஷன், நான்காவது கவுன்ட்டர்.
இங்கும் முகத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு,
கை மட்டும் நுழைகிற ஒரு வழி.

காலை எட்டே முக்கால்.
ஒரே துவாரத்தில் இரண்டு கைகள்.
ஒன்றில் ஐந்நூறு ரூபாய்த் தாள், தங்க வாட்ச்.
இன்னொன்றில் மீன் செதில் ஒட்டிய சில்லறை.
"சேத்துப்பட்டு ஒண்ணு" இரண்டு குரலும் ஒன்றாக.

ஒரு நொடி பார்த்தேன்.
செதில் கைக்கு டிக்கெட் கொடுத்தேன்.
"நான்தாம்மா ஃபர்ஸ்ட் நீட்னேன்!"
வாட்ச் கண்ணாடியைத் தட்டியது.

இருக்கலாம், சார்.
இங்கே வீடியோ இல்லை.