சோதனைக் கட்டம்

குடவாசல் ஜெராக்ஸ் கடைப் பையன்
என் போனிலிருந்து பதினொரு தாள் எடுத்துக் கொடுத்தான்.
ஓரம் பார்த்து ஒட்டினால்
ஒரு சட்டையின் முன்பக்கம், பின்பக்கம்,
தோளில் பொருந்த வேண்டிய இரண்டு குட்டைக் கை.
வயது இரண்டு முதல் மூன்று என்று மேலே போட்டிருந்தது.

எனக்கா படம் வாசிக்கத் தெரியாது?
பன்னிரண்டு வருஷமாகப் புலப்படத்தைப் பிடித்துக்கொண்டு
வாய்க்கால் எது, வரப்பு எது என்று
சேற்றில் நின்று சொல்கிறவள்.
புள்ளிக்கோடு மடிப்பு.
முழுக்கோடு வெட்டு.
அம்புக்குறி துணியின் ஓட்டம்,
எங்கள் படத்தில் அது வடக்கு.
ஓரத்து முக்கோணக் கீறல் ஒவ்வொன்றும்
ஒரு முச்சந்திக் கல்.

திருவாரூரில் மீட்டர் நூற்றிருபதுக்கு எடுத்த
பச்சைப் பருத்தி.
கூடத்தில் விரித்தபோது
நடவு முடிந்த வயல் என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை. துணி துணிதான்.
வயலென்றால் யாராவது வழக்குப் போடுவார்கள்.

ஐப்பசி மழை. மூன்று தரம் கரண்ட் போனது.
ஜெயசீலன் போன் வெளிச்சம் பிடித்தான்.
அவன் தூங்கி விழ விழ
வெளிச்சம் துணியை விட்டுச் சுவரில் ஏறிற்று.
பாபினில் நூல் சிக்கிப் பிரித்து, மறுபடி சிக்கி,
கழுத்துச் சுற்றை இரண்டு தரம் அவிழ்த்தேன்.
விரலில் ஊசி இறங்கியதை அவனிடம் சொல்லவில்லை.
ஒன்றரை மணிக்குக்
கடைசி நூலைப் பல்லால் கடித்தேன்.

காலையில் தாரிகாவை நாற்காலியில் ஏற்றி
தலைவழியே இறக்கினேன்.
நெற்றியில் நின்றது.
இழுத்தேன். மூக்குவரை வந்தது.
பச்சைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அம்மா, ராத்திரி ஆயிடுச்சு."

தாள்களைத் திரும்பவும் விரித்தேன்.
மூலையில் ஒரு சின்னக் கட்டம்.
பக்கத்தில் பொடி எழுத்தில்
'இது சரியாக இரண்டு அங்குலம் உள்ளதா என
முதலில் அளந்து பார்க்கவும்.'
அளந்தேன்.
ஒன்றே முக்கால்.
தாளுக்குள் அடங்கட்டும் என்று
மெஷின் தானாகவே சுருக்கியிருக்கிறது.

போன வாரம்தான், மணக்கால் பக்கம்,
நாலாக மடித்த படத்தோடு வந்த கலியமூர்த்தியிடம்
ஊரே கேட்கச் சொன்னேன்:
"ஜெராக்ஸை நம்பி வரப்பு வெட்டுவாங்களா?
அளவு மாறும்னு தெரியாதா?"
அவர் பேசவில்லை.
துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார்.
அந்தச் சத்தம் இப்போது கேட்டது.

மறுபடி வெட்டத் துணி இல்லை.
ஆபீஸ் பையைக் கவிழ்த்தேன்.
நாடா, ஆணி, சுண்ணாம்புப் பொட்டலம்,
போன வருஷத்துக் கொடி.
கொடியின் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது.
துவைத்து, வெயிலில்லாமல் இஸ்திரியிலேயே காயவைத்து
அக்குளிலிருந்து இடுப்புவரை
இருபுறமும் ஒவ்வொரு பட்டை கொடுத்தேன்.
முதுகைப் பிளந்து கழுத்துவரை இன்னொன்று.
மேலே நாடா முடிச்சு.
பொத்தான் துளை போட எனக்கு வராது.

சாயங்காலம் மழை விட்டதும்
அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.
கையைத் தூக்கும்போதெல்லாம் சிவப்பு தெரிந்தது,
வயலின் அந்தக் கோடியில் யாரோ
இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று
கொடி காட்டுகிற மாதிரி.

ஓடிப்போனவள் திரும்பி வந்து
வயிற்றைத் தடவித் தடவித் தேடினாள்.
"பை எங்க?"
படத்தில் பை இல்லை கண்ணு.
"இதுக்கு வேணும்."
உள்ளங்கையில் ஒரு நத்தை.

நாடாவை வைத்ததும்
அது ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.
எவ்வளவு நீளும் என்று தெரியாமல்
பை தைக்கக் கூடாது.
வெளியே வரட்டும் என்று
ஈரத் தரையில் குந்தியிருக்கிறோம்
இரண்டு பேரும்.